எலுமிச்சம்பழம் உருண்ட தட்டு

அத்தியாயம் 14

வெள்ளைத்துரையின் தலையில் இரும்புச் சட்டத்தை மாட்டி, நாலு மூலையிலும் திருகாணியை முடுக்கியாயிற்று. மயக்கம் கொடுக்கவில்லை. தோல் மரத்துப்போக ஊசி மட்டும்தான். மனுஷர் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தார்.

"ஏட்டி தங்கம், அண்டாவுக்கு வளையம் அடிக்கிற மாதிரியில்லா இருக்கு" என்றார்.

"அண்டா பேசாது அண்ணே. நீங்க பேசிக்கிட்டே இருக்கணும்" என்றாள் டாக்டர் தங்கபுஷ்பம்.

மண்டையின் இடது பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை போட்டாகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து இடத்தைக் குறித்தாகிவிட்டது. இனி ஊசியை உள்ளே இறக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அவள் அண்ணனின் வலது கையைப் பார்த்தாள்.

அது நடுங்கவில்லை.

மூன்று வருஷமாக ஓயாத கை அது. ஆனி மாசம் நிச்சயதார்த்தத்தில் மானத்தை வாங்கியதும் அதே கைதான். மகள் நீரஜாவைப் பாண்டி பஜார் ஜவுளிக்கடை சிதம்பரநாதனின் மகனுக்குப் பேசி, தட்டு மாற்றுகிற நேரம். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற வெள்ளைத்துரை தாம்பூலத் தட்டை நீட்டினார். தட்டு கடகடவென்று ஆடியது. மேலே இருந்த எலுமிச்சம்பழம் பாக்கையெல்லாம் தள்ளிக்கொண்டு உருண்டு, மாப்பிள்ளையின் அம்மா மடியில் போய் விழுந்தது.

"காலையிலயே ஏத்தியாச்சு போல" என்றது ஒரு குரல். பின்னாலிருந்து சிரிப்பு.

ஊரில் சாராயக்கடை திறந்ததிலிருந்து, கை ஆடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெள்ளைத்துரை ஆயுசில் கோலி சோடாவுக்கு மேல் எதையும் குடித்தவரில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்கப்புறம் சம்பந்தி வீட்டில் என்ன பேசினார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத்துரைக்கு மட்டும் தெரியாது. கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் கை, பச்சைத் துணிக்கு வெளியே, தூங்குகிற பூனை மாதிரி கிடந்தது.

"இன்னா நைனா இது?" என்றார் குலாம் ரசூல். ஆபரேஷன் அறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிற ஆள். "நேத்து வார்டுல தபேலா வாசிச்சுக்கினு இருந்த கை, இன்னிக்கு லீவு போட்டுக்கினு கீது?"

வெள்ளைத்துரை சிரித்தார். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை.

இந்த ஆபரேஷனின் சூட்சுமமே நடுக்கத்தில்தான் இருக்கிறது. மூளையின் ஆழத்தில் ஒரு கடுகளவு இடம். அங்கிருந்துதான் கையை யாரோ உலுக்குவது போல ஆட்டம் கிளம்புகிறது. ஊசியின் முனை சரியான இடத்தைத் தொட்டால் கை சட்டென்று நிற்கும். அந்த இடத்தை மின்சாரச் சூட்டில் பொசுக்கிவிட்டால் நோய் தீர்ந்தது. எக்ஸ்ரே தெருவைக் காட்டும். வீட்டைக் காட்டுவது நடுக்கம்தான். ஆடுகிற கை நின்றால்தான் வீடு அது என்று தெரியும். ஆடாத கையை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிக்க?

ஒரு நூல் தள்ளிப் பொசுக்கிவிட்டால் பேச்சு போய்விடும். காலும் விழுந்துவிடலாம். அப்படி ஒருத்தருக்கு ஆகியிருக்கிறது. அசோக் நகரில் ஒரு போஸ்ட்மாஸ்டர். தங்கபுஷ்பத்தின் கையால்தான். கை நின்றது, பேச்சும் நின்றது. மாசம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவாள். அவர் எழுந்து நின்று கும்பிடுவார். திட்டினால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவாள்.

"மேடம்" என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டான் உதவி டாக்டர் சண்முகசுந்தரம். "மூடிரலாமா? அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அண்ணனை அவளுக்குத் தெரியும். தை மாசம் கல்யாணம். ஒருமுறை மண்டையைத் திறந்து சும்மா மூடினார்கள் என்றால் மனுஷர் இரண்டாம் முறை இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார். இந்த முறை சம்மதிக்க வைக்கவே ஆடி முழுக்க ஆனது. 'வேற எந்தப் பயலும் தொடக்கூடாது, என் தங்கச்சிதான் தொடணும்' என்ற நிபந்தனையோடு வந்து படுத்தவர்.

அவள் குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணின் கருமணி அகலமாக விரிந்து கிடந்தது. இத்தனை வெளிச்சத்தில் அது சுருங்கியல்லவா இருக்கவேண்டும்?

"அண்ணே, காலையில மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"எந்த மாத்திரை?"

"நடுக்கத்துக்குத் தின்னுறது. மூணு நாளா நிறுத்தச் சொன்னேன்லா?"

"நிறுத்திட்டேன். உன் பேச்சை எப்ப மீறியிருக்கேன்?"

"வெறும் வயிறுதானே? எதுவும் குடிக்கலையே?"

"பச்சைத்தண்ணி பல்லுல படல. தீர்த்தம் மட்டும்தான்."

"தீர்த்தமா?"

"உன் மதினி விடியமுன்னே முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போய் வாங்கிட்டு வந்தா. ஒரு டம்ளர். தீர்த்தம் சாப்பாட்டுக் கணக்குல வருமாக்கும்?" அவர் உதட்டை நக்கினார். "கசந்துச்சு. வேப்பிலை கூடுதலாப் போட்டுட்டாகளோன்னு நினைச்சேன்."

தங்கபுஷ்பத்துக்கு விளங்கிவிட்டது. மதினி சுந்தரவல்லி மாத்திரையைப் பொடித்துத் தீர்த்தத்தில் கலக்கியிருக்கிறாள். அந்த மாத்திரைதான் கருமணியை இப்படி விரிக்கும். ஒன்று இரண்டல்ல, பார்த்தால் கை நிறைய. எதற்காகக் கலக்கினாள் என்பதும் விளங்கியது. பத்து டாக்டர் சுற்றி நிற்கிற இடத்தில் புருஷன் கை ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

கோபம் வந்தது. கோபப்பட இப்போது நேரமில்லை.

மருந்து நடுக்கத்தை அமுக்கித்தான் வைத்திருக்கும், கொல்லாது. மனசு கொதித்தால் அமுக்கியது மேலே வரும்.

"அண்ணே, நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்க. வேகமா."

கணக்குப் போட வைத்தால் பதற்றத்தில் கை ஆட ஆரம்பிக்கும். படித்த பெரிய மனிதர்களே எழுபத்தொன்பதைத் தாண்டுவதற்குள் தடுமாறுவார்கள்.

"தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு..." வெள்ளைத்துரை தண்ணீர் ஊற்றுவது போலச் சொல்லிக்கொண்டே போய், "ரெண்டு மிச்சம். எடைக்கு எடை பித்தளை விக்கிறவன்ட்ட இந்தக் கணக்கைக் கேக்கியே" என்று முடித்தார்.

கை அசையவில்லை.

குலாம் ரசூல் வாயைப் பொத்திக்கொண்டார். சண்முகசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தான்.

தங்கபுஷ்பம் கையுறை போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

மூளை ஆபரேஷன் படிக்கப் போனபோது பெரிய டாக்டர்கள் அவளை இப்படி நிற்க வைத்துத்தான் கேட்டார்கள். பத்து மணி நேரம் நிற்கவேண்டிய வேலையம்மா, பொம்பளை தாங்குவாளா என்று. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிய வீட்டுப் பெண்ணிடம் நிற்பதைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா செத்த மறுவாரம் பதினோரு வயசில் அந்த உப்பளத்தில் இறங்கியவர் இந்த அண்ணன். தங்கச்சியின் காலில் உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவர். அவர் மனசில் எந்த இடத்தில் தொட்டால் கொதிக்கும் என்று அவளுக்கு எக்ஸ்ரே தேவையில்லை.

தெரிந்துகொண்டே அங்கே கை வைக்கவேண்டும். இரும்புச் சட்டத்தில் பூட்டிப் படுக்கவைத்த மனுஷர் மேல்.

"ஊசியை எடுங்க" என்றாள் சண்முகசுந்தரத்திடம். அப்புறம் அண்ணன் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, நிச்சயத் தட்டைத் திருப்பிக் குடுக்கப் போறாங்களாம்."

"யாரு?"

"உங்க சம்பந்தி. நீங்க குடிகாரராம். குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாராம்."

வெள்ளைத்துரை கூரை விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஜவுளிக்கடையில வச்சு, கணக்குப்பிள்ளை, வாடிக்கைக்காரங்க எல்லார் முன்னாலயும் சொன்னாராம். தட்டைப் பிடிக்கத் துப்பில்லாத கை, கன்னிகாதானத்துக்குத் தண்ணி வார்க்குமான்னு கேட்டாராம்."

சண்முகசுந்தரம் முகமூடிக்கு மேலே கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது லேசாக ஒருமுறை ஆட்காட்டி விரலைத் தேய்த்தது.

"எனக்கு ஏன் சொல்லல?" குரல் தடித்திருந்தது.

"எல்லாரும் மறைச்சிட்டோம். நானும்தான்."

"சுந்தரவல்லிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீரஜாவுக்கு?"

இதற்குப் பதில் சொல்லாமல் விடலாம். விட்டால் ஆகாது.

"அவ அப்ப கடையிலதான் நின்னா. கல்யாணப் புடவைக்குக் கலர் பாக்கப் போயிருந்தா. அவ காதுபடத்தான் சொன்னாங்க. பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தா."

கை கிளம்பிவிட்டது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரைக்கும். மேஜையின் ஓரத்தில் மோதிரம் டக்டக்கென்று அடித்தது. மூன்று வருஷமாக அவள் வெறுத்த சத்தம் அது. இன்றைக்கு அதைக் கேட்டு அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏட்டி!" வெள்ளைத்துரை கத்தினார். "மண்டையைத் தொறந்து போட்டுக்கிட்டுச் சொல்லுத பேச்சா இது? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"இல்ல. திட்டுங்க."

"எந்திரிச்சு வந்தேன்னா..."

"எந்திரிக்க முடியாது, முடுக்கி வச்சிருக்கேன். நிறுத்தாமத் திட்டுங்க அண்ணே."

அவர் திட்டினார். அவளை, சுந்தரவல்லியை, சிதம்பரநாதனை, சிதம்பரநாதனின் கடையை, அந்தக் கடையில் விற்கிற சாயம் போகிற சேலையை, எல்லாவற்றையும் உப்பளத்துப் பாஷையில் வரிசையாகத் திட்டினார். அங்கிருந்த நர்ஸுகள் அந்த வார்த்தைகளைக் கேள்விப்பட்டதே இல்லை. தங்கபுஷ்பம் ஊசியை இறக்கிக்கொண்டே இருந்தாள். அவர் திட்டுகிற வரைக்கும் பேச்சுக்குப் பழுதில்லை. கை ஆடுகிற வரைக்கும் இடம் இன்னும் வரவில்லை. அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை.

கை நின்றது.

மோதிரச் சத்தம் பாதியில் அறுந்துபோனது. "...அவன் அப்பன் தலையில துணி மூட்டை சுமந்தது எனக்குத் தெரியாதாக்கும்" என்று வெள்ளைத்துரை மட்டும் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தார்.

"யா அல்லா" என்றார் குலாம் ரசூல். "கை நின்னுடுச்சு, வாய் நிக்கல."

தங்கபுஷ்பம் மின்சாரத்தைக் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் ஏதாவது கேட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு வசவு பதிலாக வந்தது. போஸ்ட்மாஸ்டரின் கும்பிட்ட கை ஒருகணம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிறகு போய்விட்டது.

"கையைத் தூக்குங்க அண்ணே."

தூக்கினார். அந்தரத்தில் ஐந்து விரலும் விரிந்து நின்றன. திட்டிக்கொண்டிருந்த மனுஷர் தன் கையையே வெறித்துப் பார்த்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க வழியில்லை. சட்டம் தடுத்தது. குலாம் ரசூல்தான் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

வெளியே வராந்தா பெஞ்சில் சுந்தரவல்லி காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் எழுந்தாள்.

"மதினி, தீர்த்தத்துல எத்தனை மாத்திரை போட்டீங்க?"

சுந்தரவல்லிக்கு முகம் வெளுத்தது. "ஆளு... இருக்காகளா?"

"இருக்காக. கை நின்னுட்டு. எத்தனைன்னு கேட்டேன்."

கை நின்றது என்ற வார்த்தையோடு சுந்தரவல்லி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எண்ணிப் போடல. பெரிய பெரிய டாக்டருங்க முன்னால அவுக கை ஆடினா, இவன் நல்லாக் குடிக்கிறவன்னு அவங்களும்தானே நினைப்பாங்க? நீ படிச்சவ. உனக்கு மூளைக்குள்ள தெரியும். எனக்கு அந்தப் பழம் உருண்டதுதான் தெரியும். ராத்திரி கண்ணை மூடினா அதுதான் உருளுது."

திட்டுவதற்கென்று தங்கபுஷ்பம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை நிறைய. அதில் ஒன்றைத்தான் சொன்னாள்.

"அந்த நடுக்கம் இருந்தாத்தான் நான் வேலை செய்ய முடியும் மதினி. அதை நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கணும். சாப்பிடாதீங்கன்னேன். ஏன்னு சொல்லல." பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னொண்ணு. சம்பந்தி வீட்டுப் பேச்சை அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"மண்டை தொறந்திருக்கும்போது."

சுந்தரவல்லி நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ டாக்டரா, கசாப்புக்காரியா?"

"ரெண்டும்தான்" என்றாள் தங்கபுஷ்பம். "இன்னிக்கு முழுக்க அண்ணன் கையில ஒரு சாமானும் குடுக்காதீங்க. டம்ளர்கூட வேண்டாம். உள்ளே வீக்கம் வடியணும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளை வரைக்கும் பொறுக்க யாரும் விடவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வந்து நின்றது சிதம்பரநாதன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் கனமான மஞ்சள் பை. தனியாக வந்திருந்தார். நீரஜா அப்பாவின் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் விசிறி நின்றது. நாடித்துடிப்புப் பார்க்க வந்த தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள்.

தலைக்கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்த வெள்ளைத்துரை, "வாங்க சம்பந்தி" என்றார். காலையில் திட்டிய வாயா அது என்று இருந்தது.

சிதம்பரநாதன் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஆள் விட்டு அனுப்பியிருப்பார்.

"அண்ணாச்சி, குடின்னு நான் நினைச்சது தப்பு. இங்கே வந்து விசாரிச்சேன். வியாதின்னாங்க. நாலு பேர் முன்னால நான் அந்தப் பேச்சுப் பேசியிருக்கக்கூடாது." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா மூளையில ஆபரேஷன்கிறாங்க. குடின்னாக்கூடத் திருத்தலாம். மூளைன்னதும் வீட்டுல பொம்பளைங்க பயப்படுதாங்க. நாளைக்குப் பேரன் பேத்திக்கு வந்துட்டா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். இது வழிவழியாக வருகிற நோயல்ல என்று ஒரு வகுப்பே எடுத்திருப்பாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனாள்.

"பையில என்ன?" என்றார் வெள்ளைத்துரை.

சிதம்பரநாதன் தலையைக் குனிந்துகொண்டே பையைத் திறந்தார். நிச்சயத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். "வாங்கினதை வாங்கின மாதிரியே குடுக்கணும்னு வீட்டுல சொன்னாங்க." பழைய பழம் அழுகியிருக்கும். அதற்குப் பதில் புதுசாக ஒரு எலுமிச்சம்பழம், பளபளவென்று, பாக்கின் மேல் வைத்திருந்தது.

"என் கடைத் தட்டுதான்" என்றார் வெள்ளைத்துரை. "நல்ல கனம். இப்படிக் குடுங்க."

அவர் நீட்டியது வலது கை.

"அண்ணே, வேண்டாம்" என்றாள் தங்கபுஷ்பம். "நாளைக்கு..."

"நீ சும்மா இரு. காலையில நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன்லா?"

தட்டு கை மாறியது. ஒற்றைக் கையில், உள்ளங்கை மேல், முழுப் பாரமும். தங்கபுஷ்பம் கட்டைவிரலைப் பார்த்தாள். நீரஜா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் வெந்நீர் பிளாஸ்கோடு வந்து நின்ற சுந்தரவல்லி பழத்தை மட்டும் பார்த்தாள்.

பழம் இருந்த இடத்தில் இருந்தது.

சிதம்பரநாதன் ஸ்டூலை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் அதைத் திரும்ப எடுத்துட்டுப் போயிருதேன். வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன்."

இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

வெள்ளைத்துரை தட்டை அவர் கையில் வைக்கவில்லை. மெல்ல மகள் பக்கம் திரும்பினார். திரும்பும்போது தட்டும் கூடவே திரும்பியது, நேராக.

"நீரஜா, கடையில நின்னு கேட்டது நீதான். இவுக கேக்காக. குடுக்கவா, இல்ல நீ வாங்கி வச்சுக்கிடுதியா?"

சுந்தரவல்லி ஏதோ சொல்ல வந்து பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஏந்திய கை இரண்டும் ஒரு பக்கம். விசிறியைப் பிடித்த கை ஒரு பக்கம். நீரஜா அந்த ஏந்திய கைகளைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"யோசி தாயி. அவசரமில்ல" என்றார் வெள்ளைத்துரை. "எவ்வளவு நேரமானாலும் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்."

தட்டு நடுவில் நின்றது. எலுமிச்சம்பழம் அசையவில்லை.